பத்து நாள் லீவின் நிலக்காட்சி

1

ஆங்கில நாட்டுப்புறம் என்று நம் மனதில் படிந்திருப்பது, பெரும்பகுதி, லீவில் இருந்தவர்கள் எழுதிவைத்த நாட்டுப்புறம். அலையலையாக ஏறி இறங்கும் பசும் மேடுகள், இருபுறமும் வேலிச்செடி அடர்ந்த குறுகிய பாதை, தூரத்தில் ஒரு தேவாலயக் கோபுரம், கூரை வேய்ந்த நாலைந்து வீடுகள், விடுதி வாசலில் ஒரு பெஞ்சு. பி.ஏ. ஆங்கில இலக்கியம் வாசித்த நம்மில் பலருக்கு, பிறந்த ஊரின் குளத்தங்கரையைக் காட்டிலும் இந்தக் காட்சி துல்லியமாக இருக்கிறது. இதற்கு வெட்கப்பட வேண்டுமா என்பது பற்றிப் பலரும் பேசியாயிற்று. என் கேள்வி வேறு. இந்தக் காட்சி யாருடைய கண்ணால், என்ன வேகத்தில், வாரத்தின் எந்தக் கிழமையில் பார்க்கப்பட்டது?

சில வருஷங்களுக்கு முன் நடைபாதைப் பழைய புத்தகக் கடையொன்றில் எனக்கு ஒரு மடிப்பு வரைபடம் கிடைத்தது. பார்த்தலோமியூ கம்பெனி வெளியிட்டது. துணி ஒட்டியது. அரை அங்குலத்துக்கு ஒரு மைல். தாழ்ந்த நிலம் பச்சை, உயர்ந்த நிலம் பழுப்பு என்று வர்ணம் படிப்படியாக ஏறுகிறது. ஸைக்கிள் பயணிகள் சங்கத்தின் அங்கத்தினர்கள் அனுப்பிய திருத்தங்களோடு தயாரானவை இந்த வரைபடங்கள். மேடு எங்கே, இறக்கம் எங்கே, எந்தச் சாலை மிதிக்க லாயக்கு என்பதெல்லாம் கால்வலியால் சரிபார்க்கப்பட்ட செய்திகள். மத்தியான இடைவேளையில் கவுண்டருக்குப் பின்னால் அதை விரித்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்து ஸீட்காரர் எட்டிப்பார்த்து, "என்ன ஸார், எல்.டி.சி.யில லண்டனா?" என்றார். "ஆமாம், ஸைக்கிள்ல" என்றேன். சிரித்துவிட்டு டிபன் பாக்ஸை மூடினார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஏனென்றால் அந்த வரைபடம் யாருக்காகத் தயாரானதோ அவர்களும் பெரும்பாலும் எங்களைப் போன்ற குமாஸ்தாக்கள்தாம்.

தேதிகளைப் பார்த்தால் இது தெளிவாகும். ஸைக்கிள் பயணிகள் சங்கம் 1878இல் ஹாரொகேட்டில் ஆரம்பிக்கப்பட்டபோது ஸைக்கிள் என்பது உயரச் சக்கரத்தின்மேல் ஏறி உட்கார்ந்த வசதிக்காரர்களின் சாகஸம். 1885இல் காவெண்ட்ரியில் ஜான் கெம்ப் ஸ்டார்லி 'ரோவர்' வண்டியைக் கொண்டுவருகிறார்: இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு சக்கரங்கள், பின் சக்கரத்துக்குச் சங்கிலி. 1888இல் டன்லப்பின் காற்றடைத்த டயர். அடுத்த பத்து வருஷத்துக்குள் விலை இறங்கி, பழைய வண்டிகள் கைமாற ஆரம்பித்து, கடைச் சிப்பந்தியும் ஆபீஸ் எழுத்தனும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். 1899இல் சங்கத்தின் அங்கத்தினர் எண்ணிக்கை 60,000த்தைத் தாண்டியது. ரயில் வந்தபின் குதிரைக் கோச்சுகள் நின்றுபோய், புல் முளைத்துக் கிடந்த சாலைகளும் ஈயாடிக்கொண்டிருந்த சாலையோர விடுதிகளும் இவர்களால்தான் மறுபடி உயிர்பெற்றன.

இவர்கள் அங்கே கண்டது என்ன? அமைதி. அந்த அமைதிக்குக் காரணம் உண்டு. 1870களிலிருந்தே ஆங்கில விவசாயம் சரிவில் இருந்தது. அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்து இறங்கிற்று. உழுத நிலம் புல்தரையாயிற்று. கூலிகள் கிராமத்தைவிட்டு நகரத்துக்கும் கடல் கடந்தும் போய்க்கொண்டிருந்தார்கள். ஸைக்கிளில் வந்த குமாஸ்தா ரசித்த நிசப்தம், ஊரைவிட்டுப் போனவர்கள் விட்டுச்சென்ற நிசப்தம். நகரத்திலிருந்து அவன் வருகிறான். அதே சாலையில் எதிர்த்திசையில் அவர்கள் போகிறார்கள். இந்த இரண்டு ஓட்டங்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்ட கணம் ஆங்கில இலக்கியத்தில் எங்காவது பதிவாகியிருக்கிறதா என்பதுதான் இக்கட்டுரையின் விசாரம்.

2

முதலில், இலக்கியம் அல்லாத ஒரு எழுத்தை எடுத்துக்கொள்கிறேன். ஸைக்கிள் வழிக்காட்டி. இன்றும் எழுதப்பட்டுவருகிற, சுமார் நூற்று நாற்பது வருஷ ஆயுளுள்ள உரைநடை வகை இது. விமரிசகர்கள் சீந்துவதில்லை. ஆனால் ஒரு தேசம் தன் நிலத்தைப் பற்றி என்ன நினைத்துக்கொள்ள விரும்புகிறது என்பதை, அதன் நாவல்களைவிட அப்பட்டமாக இந்த எழுத்து காட்டிக்கொடுக்கிறது.

இதன் இலக்கணம் ஸ்திரமானது. ஏவல் வினைகள்: தேவாலயத்தைத் தாண்டி இடப்பக்கம் திரும்பு, பாலத்தைக் கட. எழுவாயாக வருபவை மனிதர்களல்ல. சாலை இறங்குகிறது, பள்ளத்தாக்கு திறந்துகொள்கிறது, கிராமம் 'தோன்றுகிறது'. யாரும் வேலை செய்வதில்லை. டீ கொடுப்பவர்கூட ஒரு டீக்கடையாகத்தான் இருக்கிறார். சரித்திரம் பெயரடையாக வரும்: சரித்திரப் பிரசித்தி பெற்ற கிராமம், பழமை மாறாத தெரு. சரித்திரம் வினையாக வராது. யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்பது வந்தால் மிதிப்பவனின் லயம் கெட்டுவிடும் போலும்.

காட்ஸ்வோல்ட் மேடுகளில் போகும் ஒரு வழியை எடுத்துக்கொள்வோம். அனேகமாக எல்லா வழிக்காட்டிகளும் இங்கே ஒருமுறையாவது வந்தாக வேண்டும். சிப்பிங் காம்ப்டன், ஸ்டோ-ஆன்-தி-வோல்ட், பைபரி, பர்ஃபர்ட். தேன் நிறச் சுண்ணாம்புக்கல் வீடுகள். பைபரியில் ஆர்லிங்டன் வரிசை என்று ஒரு வீட்டுவரிசை. படம் எடுக்காமல் யாரும் நகர்வதில்லை. 1380 வாக்கில் கட்டப்பட்ட கம்பளிக் கிடங்கு அது. பதினேழாம் நூற்றாண்டில் நெசவாளர்கள் குடியிருக்கத் தடுத்துக் கொடுத்தார்கள். இப்போது நேஷனல் டிரஸ்டின் பராமரிப்பில் இருக்கிறது. முதலில் கம்பளிக்கான இடம், பிறகு நெசவாளிக்கான இடம், கடைசியில் காமிராவுக்கான இடம். இந்த மூன்றுக்கும் நடுவே நடந்தது ஒரு பெரிய நாவலுக்குரிய விஷயம். வழிக்காட்டியில் அது 'வனப்பு' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது.

பர்ஃபர்ட் இன்னும் கூர்மையான உதாரணம். சரிவான பிரதான தெருவில் இறங்கி, நதிக்குச் சற்று முன் வலப்பக்கம் ஒதுங்கினால் புனித யோவான் தேவாலயம். 1649 மே மாதம் க்ராம்வெல் தன் சொந்தப் படையில் கலகம் செய்த சுமார் 340 சிப்பாய்களை இதற்குள் அடைத்துவைத்தார். சம்பள பாக்கியும் அயர்லாந்துப் போருக்குப் போக மறுப்பும் காரணம். அதற்கும் மேலாக, ராஜாவின் தலையை வாங்கியபின் வாக்குரிமை எங்கே என்று கேட்ட லெவலர்களின் குரலும் காரணம். மே 17ஆம் தேதி மூன்று பேரை தேவாலய வளவில் சுட்டார்கள். மற்றவர்களைப் பார்க்க வைத்தார்கள். உள்ளே அடைபட்டிருந்த அந்தோணி ஸெட்லி என்பவன், ஞானஸ்நானத் தொட்டியின் ஈயத் தகட்டில் தன் பெயரையும் வருஷத்தையும், தான் கைதி என்பதையும் கீறிவைத்தான். அது இன்னும் இருக்கிறது.

ஸெட்லி என்ன எழுதினான்? பெயர், வருஷம், நிலைமை. ஒரு பெயரடை கிடையாது. இந்த ஒற்றைக் கீறலுக்கு முன்னால், அதே ஊரைப் பற்றிய பக்கம் பக்கமான வழிக்காட்டி வர்ணனைகள் எப்படி நிற்கும்? அங்கு போகிறவன் இதை வாசிக்கக் கூடாது என்று யாரும் தடுக்கவில்லைதான். 1975 முதல் பர்ஃபர்ட்டில் லெவலர் தினம் கொண்டாடுகிறார்கள். நான் சொல்வது எழுத்தின் குணத்தைப் பற்றி. ஸெட்லியை அது சேர்த்துக்கொள்ளும்போதும் பார்க்கவேண்டிய பொருள்களில் ஒன்றாகத்தான் சேர்த்துக்கொள்கிறது, டீக்கடைக்கும் பாலத்துக்கும் நடுவே.

நிலமும் அப்படித்தான். மிட்லண்ட்ஸ் பகுதியில், நேராக ஓடும் ஒரு கிராமச் சாலை. இரு ஓரமும் அகலமான புல்வெளி விளிம்பு, அதற்கப்பால் வேலிச்செடி. ஸைக்கிள்காரனுக்கு இது ஆதிகாலத்து இங்கிலாந்து. ஆனால் அந்த நேர்கோடும் வேலிக்கு வேலி 40 அடி அகலமும், பொது நிலங்களை வளைத்துப்போட்ட சட்டங்களின் கீழ் கமிஷனர்கள் அளந்து வைத்தவை. 1604க்கும் 1914க்கும் இடையில் இத்தகைய சட்டங்கள் 5,200க்கு மேல் நிறைவேறின. 68 லட்சம் ஏக்கர், இங்கிலாந்தின் பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, இவற்றால் கைமாறியது. மாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் இருந்த உரிமையை இழந்தவனுக்கு அந்த வேலிச்செடி என்னவாகப் பட்டிருக்கும் என்பதை ஜான் கிளேர் எழுதினார். அவரே வயல்கூலி. அவருக்கு அது காட்சியல்ல, அடைப்பு. நூறு வருஷம் கழித்து அதே வேலிச்செடி புராதனமாகிவிட்டது. ரேமண்ட் வில்லியம்ஸ் 1973இல் 'நாட்டுப்புறமும் நகரமும்' நூலில் காட்டியது இதுதான்: ஒவ்வொரு தலைமுறையும் தனக்குச் சற்று முந்தித்தான் நல்ல நாட்டுப்புறம் அழிந்துபோயிற்று என்று சொல்கிறது, பின்னோக்கிப் போகப் போக அந்தப் பொற்காலமும் பின்வாங்கிக்கொண்டே போகிறது.

3

இனி இலக்கியத்துக்கு வருகிறேன். எச்.ஜி. வெல்ஸ் 1896இல் வெளியிட்ட 'தி வீல்ஸ் ஆஃப் சான்ஸ்' அவருடைய பெரிய நாவல்களில் ஒன்றல்ல. கால யந்திரமும் செவ்வாய்க்காரர்களும் எழுதியவரின் கை ஓய்வாக எழுதிய ஹாஸ்ய நாவல் என்றே பெரும்பாலும் ஒதுக்கிவிடுவார்கள். எனக்கு அப்படிப் படவில்லை.

கதாநாயகன் ஹூப்டிரைவர் லண்டன் பட்னியில் ஒரு ஜவுளிக் கடைச் சிப்பந்தி. வருஷத்துக்கு ஒரு முறை பத்து நாள் லீவு. இந்த வருஷம் ஸைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறான். நாவல் அவன் முகத்தைக் காட்டி ஆரம்பிப்பதில்லை. அவன் கால்களில் இருக்கும் காயங்களையும் கன்றிப்போன தழும்புகளையும் ஒரு துப்பறிபவனைப் போல் ஆராய்ந்து, இவன் ராத்திரியில் யாரும் பார்க்காதபோது ஸைக்கிள் பழகுகிறான் என்று கண்டுபிடிக்கிறது. கவுண்டருக்கு மேலே புன்னகையும் வணக்கமும். கவுண்டருக்குக் கீழே, வாடிக்கையாளர் காணாத இடத்தில், ரத்தம் கட்டிய முழங்கால். கவுண்டருக்குப் பின்னால் உத்தியோகம் பார்க்கிற எவனுக்கும் இந்த ஆரம்பம் நகைச்சுவையாக மட்டும் படாது.

அவன் பட்னியிலிருந்து கிளம்பி கிங்ஸ்டன், ரிப்ளி, கில்ட்ஃபோர்ட், ஹேஸல்மியர், மிட்ஹர்ஸ்ட் என்று தெற்கே கடற்கரைக்குப் போகிறான். சர்பிட்டன் அருகே சாம்பல் நிற உடையில் ஸைக்கிளில் வந்த ஒரு இளம் பெண்ணைப் பார்த்துத் தடுமாறி விழுகிறான். ஜெஸ்ஸி மில்டன் என்ற அந்தப் பெண் வீட்டைவிட்டு ஓடிவந்தவள். சுதந்திரமாக வாழலாம் என்று ஆசைகாட்டி அவளை ஏமாற்ற நினைக்கும் ஒருவன் கூட வருகிறான். ஹூப்டிரைவர் அவளை மீட்டு, நிலா வெளிச்சத்தில் அந்த அயோக்கியனின் ஸைக்கிளிலேயே அவளுடன் தப்பிக்கிறான். தான் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தவன் என்று புளுகுகிறான். கடைசியில் தாங்க முடியாமல், நான் ஜவுளிக் கடைச் சிப்பந்தி என்று ஒப்புக்கொள்கிறான். அவளுடைய சிற்றன்னையும் பரிவாரமும் வந்து அவளை அழைத்துப் போகிறார்கள். (சிற்றன்னை, விடுதலை பற்றி 'முற்போக்கு' நாவல் எழுதிப் பெயர் வாங்கியவள். தன் வீட்டுப் பெண் அதை மெய்யென்று நம்பியதுதான் அவளுடைய கஷ்டம். நம்மூர் முற்போக்கு எழுத்தாளர்கள் வாசிக்கவேண்டிய அத்தியாயம்.) ஹூப்டிரைவர் கடைக்குத் திரும்புகிறான்.

வெல்ஸ் பதின்மூன்றாவது பதினான்காவது வயதுகளிலேயே ஜவுளிக் கடைக்கு அனுப்பப்பட்டவர். 1881 முதல் இரண்டு வருஷம் ஸௌத்ஸீயில் அந்த வேலைக்குப் பயிற்சியாளாக இருந்து, வெறுத்து ஓடிவந்தவர். அவர் அறிந்து எழுதுவது நாட்டுப்புறத்தை அல்ல, லீவை. இந்நாவலில் நிலவர்ணனை வியக்கத்தக்க அளவு குறைவு. வருகிற இடங்களில் எல்லாம் அது கடையின் எதிர்ப்பதமாக வருகிறது. முதல் நாள் காலையில் மரமும் வெயிலும் ஹூப்டிரைவருக்கு அழகாக இருப்பதன் காரணம், அந்நேரத்துக்குக் கடையில் துணிகளின் மேல் போட்ட போர்வையை எடுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது. வயலில் வேலை செய்பவன் அவனுக்குக் கண்ணில் படுவதில்லை. வெல்ஸ் அதையும் மறைக்கவில்லை. இவன் பார்வையின் எல்லை எதனால் ஆனது என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. வழிக்காட்டி எழுத்தில் பார்க்கிறவனுக்கு உடம்பு கிடையாது, உத்தியோகம் கிடையாது, திங்கட்கிழமை கிடையாது. ஹூப்டிரைவருக்கு எல்லாம் உண்டு. விடுதியில் உட்கார்ந்து பேசும்போதுகூட அவன் கைகள் துணியை அளந்து காட்டும் பழக்கத்தில் மேஜையைத் தடவுகின்றன. ஊர் மாறினாலும் உடம்பு கவுண்டரைவிட்டு வரவில்லை.

குறைகள் இல்லையா என்றால் உண்டு. ஆசிரியர் இடையிடையே வந்து தன் பாத்திரத்தின் தலையில் குட்டுகிறார். அவனுடைய கொச்சை உச்சரிப்பை எழுத்தெழுத்தாகப் பரிகசிக்கிறார். தான் தப்பித்து வந்துவிட்ட இடத்தில் இன்னும் இருப்பவனைப் பார்த்து, ஏறிவந்தவன் சிரிக்கும் சிரிப்பு அது. ஆனால் முடிவில் வெல்ஸ் கை நடுங்கவில்லை. ஹூப்டிரைவருக்குச் சொத்து வந்து சேர்வதில்லை, கல்யாணம் ஆவதில்லை. புத்தகங்கள் அனுப்புகிறேன் என்ற ஒரு பெண்ணின் வாக்குறுதி மட்டும். பத்து நாளில் மனிதன் மாறிவிடுவான் என்ற பொய்யை வெல்ஸ் சொல்லவில்லை. மாற விரும்பும் அளவுக்கு அவன் தன்னைப் பார்த்துக்கொண்டான், அவ்வளவுதான்.

4

பதினேழு வருஷம் கழித்து இன்னொருவர் அதே திசையில் கிளம்புகிறார். 1913 மார்ச் 21, பெரிய வெள்ளிக்கிழமை. எட்வர்ட் தாமஸ் தெற்கு லண்டனிலிருந்து மழையில் ஸைக்கிளில் புறப்பட்டு, எப்ஸம், லெதர்ஹெட் வழியாக கில்ட்ஃபோர்ட், பிறகு மேற்கே ஸாலிஸ்பரி சமவெளியைக் கடந்து, ஷெப்டன் மாலெட், பிரிட்ஜ்வாட்டர் என்று ஸாமர்ஸெட்டின் குவான்டாக் மலைகள் வரை போனார். கோல்ரிட்ஜ் வாழ்ந்த நெதர் ஸ்டோவி அங்கே இருக்கிறது. வசந்தத்தை எதிர்கொண்டு போய்ச் சந்திப்பது நோக்கம். 1914இல் 'இன் பர்ஸ்யூட் ஆஃப் ஸ்பிரிங்' என்று புத்தகமாக வந்தது.

தாமஸின் தகப்பனார் போர்ட் ஆஃப் டிரேட் ஆபீஸில் எழுத்தர். மகனும் ஸிவில் ஸர்வீஸ் பரீட்சை எழுத வேண்டும் என்றார். மகன் மறுத்து எழுத்தை நம்பிப் பிழைக்க வந்தார். விளைவு: மதிப்புரைகளாக எழுதிக் குவித்தார், கம்பெனிகள் கேட்ட தலைப்புகளில் வருஷத்துக்கு ஒன்று, இரண்டு, சில சமயம் அதற்கும் மேல் புத்தகங்கள். குமாஸ்தா வேலை வேண்டாம் என்று ஓடியவர், வேறொரு குமாஸ்தா வேலையில் மாட்டிக்கொண்டார்; இதற்கு லீவும் கிடையாது. அவருடைய ஸைக்கிள் பயணமே வேலை. பக்கத்தை நிரப்பியாக வேண்டும்.

நிரப்பியதன் தடயங்கள் புத்தகம் முழுக்க இருக்கின்றன. கிளம்புவதற்கு முன் எந்தச் சாலை என்ற யோசனையிலேயே பக்கங்கள் போகின்றன. நடுவில் மூன்று வெஸ்ஸெக்ஸ் கவிஞர்களைப் பற்றி ஒரு அத்தியாயம். கல்லறைப் பெயர்கள், விடுதிப் பெயர்கள், பூக்களின் பெயர்கள் என்று அட்டவணைகள். நான் இவற்றைப் பொறுமையிழந்துதான் முதல்முறை வாசித்தேன். இரண்டாம் முறை வேறு ஒன்று கண்ணில் பட்டது. அட்டவணைகளில் அவர் தன் அபிப்பிராயத்தை ஒதுக்கி வைக்கிறார். மழை, காற்றின் திசை, ஒரு கல்லில் என்ன எழுதியிருக்கிறது: இருப்பதை இருக்கிறபடி. அழகு என்று முத்திரை குத்தும் இடங்களில் உரைநடை தளர்கிறது. பெயர் சொல்லி நகரும் இடங்களில் இறுகுகிறது.

ஆனால் இப்புத்தகத்தை வழிக்காட்டி வகையிலிருந்து முற்றாகப் பிரித்துவிடுவது 'மற்றவன்'. கிளம்பின நாளே மழைக்கு ஒரு பறவைக் கடையில் ஒதுங்கும்போது, அங்கே இன்னொரு ஸைக்கிள்காரன் நிற்கிறான். ஒரு சிறு பறவையை விலைகொடுத்து வாங்கிக் காகிதப் பையில் போட்டுக்கொண்டு போய், சற்று தூரத்தில் பறக்க விட்டுவிடுகிறான். பிறகு வழியெல்லாம் இவன் எதிர்ப்படுகிறான். காற்றுத்திசை காட்டிகளைப் பார்த்துப் படம் போடுகிறான். களிமண் சுங்கான்களைப் பற்றி அலுக்காமல் பேசுகிறான். தானும் எழுதுகிறவன் என்றும், குறிப்புப் புத்தகம் வைத்துக்கொண்டு பார்ப்பதையெல்லாம் எழுதிவைக்கும் பழக்கம் தன்னைக் கெடுத்துவிட்டது என்றும் புலம்புகிறான். தாமஸுக்கு இவன்மேல் எரிச்சல். வாசகனுக்குப் புரிந்துவிடும், இவன் தாமஸேதான்.

தன் நிலக்காட்சிக்குள் தன்னையே ஒரு தொந்தரவாக நுழைத்துவிடுவது சாதாரணக் காரியமல்ல. வழிக்காட்டி எழுதுகிறவன் எதை மறைக்கிறானோ அதை, அதாவது பார்க்கிறவன் ஒருவன் இருக்கிறான், அவனுக்குப் பிழைப்பு இருக்கிறது, அந்தப் பிழைப்பு அவன் கண்ணைப் பழுதாக்குகிறது என்பதை, தாமஸ் சாலையில் தன் கூடவே மிதிக்க வைத்துவிடுகிறார். வெல்ஸ் மேலிருந்து சிரித்தார். தாமஸ் தன்னைப் பார்த்தே கூசினார். இந்தக் கூச்சம்தான் கவிதையாக மாறப் போகிறது. ராபர்ட் ஃப்ராஸ்ட் இந்தப் புத்தகத்தின் சில பகுதிகளைக் காட்டி, நீ எழுதியிருப்பது கவிதைதான், இதே நடையில் செய்யுளாக எழுது என்றார். 1914 டிசம்பரில் தாமஸ் எழுத ஆரம்பித்தார். இரண்டு வருஷத்துக்குச் சற்று மேல். நூற்றி நாற்பதுக்கு மேற்பட்ட கவிதைகள். முதல் கவிதைகளிலேயே அந்த மற்றவன் திரும்ப வந்துவிட்டான். 1917 ஏப்ரல் 9, ஈஸ்டர் திங்கட்கிழமை, பிரான்ஸில் அராஸ் யுத்தத்தின் முதல் நாளில் தாமஸ் கொல்லப்பட்டார்.

இதைத் தெரிந்துகொண்டு ஸாலிஸ்பரி சமவெளி அத்தியாயத்தைத் திரும்ப வாசிக்கும்போது வேறுவிதமாக இருக்கிறது. அந்த மேட்டு நிலத்தை 1897 முதலே ராணுவ இலாகா பயிற்சிக்காக வாங்கிக்கொண்டிருந்தது. அதே சமவெளியில் இம்பர் என்று ஒரு கிராமம். 1943 நவம்பரில் ஊராரைக் கூட்டி, 47 நாளில் காலி செய்யச் சொன்னார்கள். சண்டை முடிந்தும் அவர்களைத் திரும்ப விடவில்லை. தேவாலயம் நிற்கிறது. வருஷத்தில் சில நாட்கள் மட்டும் பொதுமக்கள் போய்ப் பார்க்கலாம். இங்கிலாந்தின் சரித்திர கிராமங்களில் இதையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டாமா? ஊர் இல்லாத கிராமம்.

5

நாட்டுப்புறத்தின் பிம்பம் எப்படித் தயாராகிறது என்பதற்கு ஃபிராங்க் பாட்டர்ஸனைப் போல ஒரு நல்ல உதாரணம் கிடையாது. 1893 முதல் 1952இல் இறக்கும்வரை 'ஸைக்கிளிங்' பத்திரிகைக்குப் பேனா ஓவியங்கள் வரைந்தவர். விடுதி, வளையும் பாதை, ஓரத்தில் சாய்த்து வைத்த ஸைக்கிள், நீள நிழல். ஆயிரக்கணக்கில் வரைந்தார். காலில் பட்ட காயத்தால் அவர் ஸைக்கிள் விடுவதை நடுவயதுக்கு முன்பே நிறுத்திவிட்டார். பிறகு வரைந்தவற்றில் பலவும் புகைப்படங்களைப் பார்த்து வரைந்தவை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அவருடைய கோடு மிகச் சுத்தம். ஆனால் அந்தச் சித்திரங்களைப் பார்த்து அதே இடத்தைத் தேடிக்கொண்டு போனார்கள் ஆயிரம் பேர். தேடிப் போனவன் அங்கே பார்த்தது சித்திரத்தைத்தான்.

பிம்பம் தயாரானபின் அது யாருக்கும் பயன்படும். 1941இல் ஜார்ஜ் ஆர்வெல் இங்கிலாந்து என்பது என்ன என்று கேட்டுக்கொண்டு, சில துண்டுக் காட்சிகளை அடுக்கினார்: லங்காஷயர் ஆலைத் தெருக்களில் மரக்கட்டைச் செருப்புகளின் சத்தம், லாரிகள், வேலை கொடுக்கும் ஆபீஸ் வாசலில் க்யூ, இலையுதிர்காலக் காலைப் பனியில் தேவாலயத்துக்குப் போகும் வயதான கன்னிப் பெண்கள். இவை எல்லாம் சேர்ந்து ஒன்றாகுமா என்பது அவர் கேள்வி. 1993இல் பிரதமர் ஜான் மேஜர் இங்கிலாந்து ஐம்பது வருஷம் கழித்தும் மாறாது என்று பேசும்போது ஆர்வெல்லைத் துணைக்கு அழைத்தார். ஸைக்கிளில் தேவாலயத்துக்குப் போகும் கன்னிப் பெண்களை வைத்துக்கொண்டார். வேலையில்லாதவர்களின் க்யூவை விட்டுவிட்டார். ஒரு பட்டியலிலிருந்து ஒன்றை மட்டும் உருவியெடுத்தால் கேள்வி பதிலாகிவிடுகிறது. ஸைக்கிள் வழிக்காட்டி நூற்று நாற்பது வருஷமாகச் செய்துவருவதை அவர் ஒரே வாக்கியத்தில் செய்தார்.

இதற்கு எதிர்ப்புறத்தில் கிளாரியன் ஸைக்கிள் சங்கத்தைச் சொல்லலாம். 1894இல் பர்மிங்ஹாமில் ஆரம்பமானது. ராபர்ட் பிளாட்ச்ஃபோர்டின் சோஷலிஸப் பத்திரிகையான 'கிளாரிய'னை வாசித்த தொழிலாளர்களும் குமாஸ்தாக்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஸைக்கிளில் கிராமங்களுக்குப் போய்ப் பத்திரிகையும் துண்டுப்பிரசுரமும் கொடுத்து, சந்தை மைதானத்தில் பேசினார்கள். இவர்களாவது கிராமத்தானோடு பேசினார்களே என்று தோன்றும். பேசினார்கள், கேட்டார்களா என்பது வேறு விஷயம். கிராமத்தான் ஒருவனுக்குக் காட்சியின் பகுதி, இன்னொருவனுக்குப் போதிக்கவேண்டிய ஜீவன். இரண்டிலும் அவன் முறை வரும்போது நேரமாகிவிடுகிறது. வண்டி இருட்டுவதற்குள் ஊர் திரும்ப வேண்டும். நம்முடைய இடதுசாரி விமரிசன நண்பர்கள் இதில் தங்களையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளலாம். என்னையும் சேர்த்துத்தான்.

6

அப்படியானால் ஸைக்கிளை விட்டு இறங்கிவிட வேண்டுமா? அப்படிச் சொல்ல நான் வரவில்லை. பத்து நாள் லீவு உள்ளவனிடம், உன் பார்வை லீவுக்காரனின் பார்வை என்று குற்றம் சுமத்துவது சுலபம். வருஷம் முழுக்க லீவில் இருப்பவர்கள்தாம் அதைச் செய்வார்கள். ஹூப்டிரைவருக்கு அந்த மேடும் மரமும் வேண்டியிருந்தன. அவனிடமிருந்து அதைப் பிடுங்க நமக்கு யோக்யதை இல்லை. அவன் பார்த்ததை முழு இங்கிலாந்து என்று அவனுக்கும் நமக்கும் விற்றவர்களிடம்தான் வழக்கு.

வேறுவிதமான வழியும் உண்டு. 1977இல் பிரிஸ்டலில் ஒரு சிறு குழு, கைவிடப்பட்ட ரயில் தடத்தை ஸைக்கிள் பாதையாக மாற்ற ஆரம்பித்தது. பிரிஸ்டலிலிருந்து பாத் வரை முதல் பாதை. 1963இல் பீச்சிங் அறிக்கைக்குப்பின் மூடப்பட்ட ரயில் தடங்கள் பல இப்படி ஸைக்கிள் பாதைகளாயின. 1994இல் திறந்த ஒரு வழி, மேற்குக் கடற்கரையில் வைட்ஹேவனிலிருந்து கிழக்கே ஸண்டர்லண்ட் வரை சுமார் 140 மைல். நிலக்கரித் துறைமுகத்தில் ஆரம்பித்து, ஏரிகளும் பென்னைன் மலைகளும் கடந்து, கப்பல் கட்டுவது நின்றுபோன ஊரில் முடிகிறது. நடுவில் கான்ஸெட். 1980இல் அங்கே எஃகு ஆலையை மூடினார்கள்; ஊரே வேலையிழந்தது. ஆலை இருந்த இடத்தருகே, பாதையோரத்தில், நில அளவைக் கருவிகளைப் பிரம்மாண்டமாகப் பெருக்கிச் செய்த டோனி க்ராகின் எஃகுச் சிற்பம் நிற்கிறது. அளந்தவர்களின் கருவி, அளக்கப்பட்டவர்களின் ஊர்.

இந்த வழியிலும் டீக்கடை உண்டு, அழகான இறக்கம் உண்டு, ஏவல் வினைகளில் எழுதிய வழிக்காட்டியும் உண்டு. ஆனால் ரயில் தடத்தின் மேல் மிதித்துக்கொண்டு, ரயில் எங்கே போயிற்று என்று கேட்காமல் இருப்பது கொஞ்சம் கஷ்டம். சரித்திரம் இங்கே பெயரடையாக ஒட்டிக்கொள்ள மறுக்கிறது. நல்ல விமரிசனத்திடமும் நல்ல கவிதையிடமும் நான் எதிர்பார்ப்பது இந்த மறுப்பைத்தான். காட்சியைக் கெடுக்கச் சொல்லவில்லை. காட்சி எதன்மேல் போடப்பட்டிருக்கிறது என்பது காலுக்காவது தெரிய வேண்டும்.

தமிழில் இப்போது வரும் பயண எழுத்துகளை, இமயமலையானாலும் ஐரோப்பாவானாலும், இந்த அளவுகோலோடு வாசித்துப் பார்க்கலாம். பயணிக்கு உத்தியோகம் இருக்கிறதா, திரும்பிப் போகவேண்டிய திங்கட்கிழமை இருக்கிறதா, எதிர்த்திசையில் யாராவது போகிறார்களா. பெரும்பாலானவற்றில் இருக்காது. வெல்ஸின் சுமாரான நாவலில் இருக்கிறது. தாமஸின் பாதி தோல்வியுற்ற புத்தகத்தில் இருக்கிறது. அதனால்தான் இவ்விரண்டையும், இவற்றைவிட நன்றாக எழுதப்பட்ட பலவற்றைத் தள்ளிவிட்டு, வைத்துக்கொண்டிருக்கிறேன்.

வரைபடம் கவுண்டருக்குக் கீழே இழுப்பறையில் இருக்கிறது. பட்னியிலிருந்து கில்ட்ஃபோர்ட் வரை பென்ஸிலால் கோடு போட்டிருக்கிறேன். துணியின் மடிப்புகள் நைந்துவிட்டன. கில்ட்ஃபோர்ட் இருக்கும் இடத்தில் ஒரு ஓட்டை விழுந்திருக்கிறது.